லாபியில் வைத்த கால்

எங்கள் கடையில் டிஸ்ப்ளே மாற்றும் வேலை வருஷத்துக்கு இரண்டு தடவை கூடும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் புகுந்து வரும் போன்கள் ஒரு வகை. ஏப்ரல், மே மாதத்தில் வருபவை வேறு வகை. அவற்றில் தண்ணீரே இருக்காது. ஐபிஎல்லில் சென்னை தோற்ற மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டு பேர் நிற்பார்கள். "கை தவறி விழுந்துருச்சுண்ணே." நானும் தலையாட்டிக்கொள்வேன். கை தவறி விழுந்த போனுக்கு மூலையில்தான் விரிசல் ஓடும். நட்ட நடுவில் நட்சத்திரமாக வெடித்திருந்தால் அது சுவரில் எறிந்த போன்.

பாம்பன் பக்கம் இந்தக் கடையைப் போட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது. அப்பா விசைப்படகில் போனவர். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் வாந்தியெடுத்தபடி கரையேறினேன். ஊர் அதை இன்னும் மறக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைவிட வயதில் சின்னவர்கள், தைரியத்தில் பெரியவர்கள். அவர்களுடைய போன் என் மேஜையில் திறந்து கிடக்கும்போது, வேண்டாம் என்றாலும் நாலு விஷயம் கண்ணில் படத்தான் செய்யும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எதுவும் நகராது. மீன் குஞ்சு பொரிக்க அரசாங்கம் குறித்த நாளும், ஐபிஎல்லுக்கு கிரிக்கெட் போர்டு குறித்த நாளும் ஏறக்குறைய ஒன்றாக வந்து விழுந்தது யாருடைய ஏற்பாடும் இல்லை. ஆனால் இந்தக் கரையில் அதன் விளைவை நேரிலேயே பார்க்கலாம். பகலில் படகு மராமத்து, பெயின்ட், வலை பிரித்துக் கட்டுகிற வேலை. அதுவும் எத்தனை நாளைக்கு? நிவாரணம் 8,000 ரூபாய் வந்ததும் முதல் செலவு ரீசார்ஜ். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஜெட்டி ஓரம், ஐஸ் கம்பெனித் திண்ணை, என் கடை வாசல், எங்கே பார்த்தாலும் நாலு பேருக்கு ஒரு போன்.

2025 ஏப்ரல் 5, சனிக்கிழமை. மறுநாள் பிரதமர் வந்து பாம்பன் புதுப் பாலத்தைத் திறக்கிறார் என்று ரோடெல்லாம் போலீஸ். வியாபாரம் இல்லை. கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து மேட்ச் பார்த்தோம். சேப்பாக்கத்தில் டெல்லி 183 அடித்திருந்தது. சென்னையின் விஜய் சங்கர் 54 பந்தில் 69, கடைசிவரை அவுட் இல்லை. கூட தோனி, அவரும் அவுட் இல்லை. சென்னை 158-இல் போய் நின்றது. 25 ரன்னில் தோல்வி. இருவரும் நிற்கிறார்கள், ஆட்டம் நம் கையை விட்டுப் போகிறது. அடித்து அவுட்டாகிப் போயிருந்தால்கூட அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

அப்போது ஒருவன் சொன்னான்: "பேசாம இந்த ஆளைக் கொண்டாந்து புதுப் பாலத்துக்கு முட்டுக் குடுக்கலாம்டா. என்ன அடிச்சாலும் விழ மாட்டாரு."

கடையே சிரித்தது. நானும்தான். நல்ல நகைச்சுவை, இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அடுத்த நிமிஷம் அதே பையன் குனிந்து அதை டைப் செய்தான். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், விஜய் சங்கரின் சொந்தப் பக்கத்துக்கே போய், அவர் போட்டிருந்த ஏதோ ஒரு பழைய படத்துக்குக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். அங்கே ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் வரிசை நின்றது. பாலத்து ஜோக்குக்கு அங்கே லைக் விழவில்லை. உடனே அழித்துவிட்டு, நான் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைப் போட்டான். அதற்கு லைக் விழுந்தது.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2018 மார்ச் 18-ஆம் தேதி ராத்திரி நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கொழும்பில் நிதகாஸ் கோப்பை இறுதி ஆட்டம். வங்கதேசத்தோடு. முஸ்தஃபிசூர் வீசிய 18-ஆவது ஓவரில் விஜய் சங்கரால் அடுத்தடுத்து நாலு பந்தைத் தொடக்கூட முடியவில்லை. பிறகு தினேஷ் கார்த்திக் வந்து 8 பந்தில் 29 எடுத்து, கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து ஜெயிக்க வைத்தது எல்லாருக்கும் தெரியும். கவனியுங்கள், நாம் ஜெயித்த ஆட்டம் அது. ஜெயித்த பிறகும் எனக்கு ஆறவில்லை. ஒரு கிரிக்கெட் பக்கத்தில் அவர் படத்துக்குக் கீழே எழுதினேன்: "இது பேட்டா, துடுப்பா? துடுப்புன்னாகூடத் தண்ணில படுமேடா." இருநூற்றுச் சொச்சம் லைக். வாழ்க்கையில் நான் எழுதிய எதற்கும் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேர் கை தட்டியதில்லை. போதை ஏறிவிட்டது. அடுத்த வரி எழுதினேன். அதில் துடுப்பு இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. அந்த மனிதரின் வீட்டாரை இழுத்தேன். அதற்கும் லைக் வந்தது.

19 பந்தில் 17 ரன் எடுத்த ஒரு திருநெல்வேலிக்காரர் மேல் எனக்கு என்ன பகை? ஒன்றுமில்லை. அடுத்த வருஷம், 2019 ஜூன் 16, மான்செஸ்டரில் பாகிஸ்தானோடு ஆட்டம். புவனேஸ்வர் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போக, மிச்ச ஓவரை வீச வந்து, உலகக்கோப்பையில் போட்ட முதல் பந்திலேயே இமாம் உல் ஹக்கை எல்பிடபிள்யூ ஆக்கினார். அன்றைக்குத் துள்ளிக் குதித்தேன். எழுதத்தான் இல்லை. ஒரு வரிகூட.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வெறி, வக்கிரம், முகமூடி என்று பெரிய வார்த்தையாகப் போடுகிறார்கள். என் மேஜையில் திறந்து கிடக்கும் போன்களை வைத்துச் சொல்கிறேன், பாதிக்கு மேல் அப்படி இல்லை. திட்டு வாங்குகிறவர் காதில் விழவேண்டும் என்று யாரும் எழுதுவதே இல்லை. பக்கத்தில் இருக்கிறவன் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. ஆட்டக்காரர் அந்தப் பேச்சுக்கு ஒரு சாக்கு, மேட்ச் பார்க்கும்போது கொறிக்கிற கடலை மாதிரி. அந்தக் கடலைக்கும் ஒரு போன் இருக்கிறது, ராத்திரி ரூமுக்குப் போய் அதைத் திறந்து பார்ப்பான் என்பது நமக்கு உறைப்பதில்லை.

முன்பும் திட்டினோம். சடுகுடு ஆட்டத்தில் என் சித்தப்பா வரம்புக்கு வெளியே நின்று திட்டுவதைக் கேட்டால் காது கூசும். ஆனால் திட்டு வாங்கினவன் மறுநாள் காலையில் வல்லம் தள்ள வருவான். அவன் தோள் கொடுத்தால்தான் வல்லம் நகரும். அதனால் திட்டுக்கு ஒரு அளவு தானாக வந்துவிடும். பெயர் சொல்லித் திட்டலாம், ஆட்டத்தைத் திட்டலாம், அம்மாவை மட்டும் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. சேப்பாக்கத்தில் ஆடுகிறவர் நமக்கு வல்லம் தள்ள வரப்போவதில்லை.

பணம் போட்டவன் திட்டுவது தனி ஜாதி. அங்கே சிரிப்பே கிடையாது. பணம் கட்டி டீம் போடுகிற ஆப்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தடைக்கால நிவாரணத்தை 49 ரூபாய், 99 ரூபாயாகக் கரைத்தவர்கள் எத்தனை பேர் என்று என் ரீசார்ஜ் நோட்டைப் பார்த்தால் தெரியும். அப்படி டீம் போட்டவன் கேப்டனாக வைத்த ஆள் டக் அவுட் ஆனால், அந்த ஆட்டக்காரன் நேரே வந்து இவன் சட்டைப் பையில் கை விட்டுவிட்டதாகவே நினைப்பான். இது இந்தக் கரைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. பெண்கள் டென்னிஸ் சங்கமும் உலக டென்னிஸ் கூட்டமைப்பும் 2024-இல் ஆட்டக்காரர்களுக்கு வந்த வசைகளை அலசிப் பார்த்ததில், கண்டுபிடித்தவற்றில் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்கள் எழுதியது. 2025 மே மாதம் அமெரிக்காவில் லான்ஸ் மெக்கல்லர்ஸ் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் குழந்தைகளைக் கொன்றுவிடுவேன் என்று ஒருவன் எழுதினான். போலீஸ் தேடிப் பிடித்தால், ஏதோ வெளிநாட்டில் உட்கார்ந்து குடித்துக்கொண்டு பந்தயம் கட்டித் தோற்றவன். தெளிந்த பிறகு மன்னிப்புக் கேட்டானாம். நம் ஊரில் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டு மத்திய அரசு நிறுத்தியது. என் நோட்டில் அந்த வரவு குறைந்தது உண்மை. திட்டு குறைந்ததா என்றால், இன்னும் ஒரு சீசன் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

சிரிப்புக்கும் பணத்துக்கும் அடங்காத ஒன்று உண்டு. அதை நான் கடையில் வைத்தே பார்த்தேன்.

2021-இல் பெரியபட்டினத்துத் தம்பி ஒருவன் என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தான். நல்ல கை. மைக்ரோஸ்கோப் இல்லாமலே ஐசி தூக்குவான். அக்டோபர் 24, துபாயில் இந்தியா பாகிஸ்தான் ஆட்டம். அவன் செலவில் சமோசா. நாம் 151, அவர்கள் ஒரு விக்கெட்கூட விடாமல் 17.5 ஓவரில் முடித்துவிட்டார்கள். எல்லாரும் கெட்ட வார்த்தை சொன்னோம், அவனும்தான். கலைந்து போனோம்.

மறுநாள் காலை கடையில் அவன் வேலையைத் தொடாமல் போனையே தள்ளிக்கொண்டிருந்தான். முகமது ஷமியின் இன்ஸ்டாகிராம். துரோகி, எவ்வளவு வாங்கினாய், அந்த நாட்டுக்கே போ. கீழே கீழே தள்ளியும் முடியவில்லை. என்னிடம் கேட்டான்: "ஏண்ணே, ஷமி மூணு ஓவர் அஞ்சு பந்துல 43 குடுத்தாரு, சரி. மத்த நாலு பேரும் பவுலிங் போட்டாங்கல்ல? அவங்களும் ஒரு விக்கெட்டும் எடுக்கல. அவங்களையெல்லாம் ஏண்ணே யாரும் கேக்கல?"

அவனுக்குப் பதில் தெரியும். எனக்கும் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். நான் டெம்பர் கிளாஸ் பெட்டியை அடுக்கினேன். அந்த வாரம், கேப்டன் கோலி பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைப் போலக் கேவலம் இல்லை என்று பேசினார். அதற்குப் பரிசாக அவருடைய கைக்குழந்தையைப் பற்றி ஒருவன் எழுதியதை எழுதக் கை வரவில்லை. அந்தத் தம்பி அதன்பின் கடையில் மேட்ச் பார்க்க உட்காரவே இல்லை. நானாகக் கூப்பிட்டாலும் வீட்டில் வேலை இருக்கிறது என்பான். இப்போது துபாயில் சொந்தமாக மொபைல் கடை வைத்திருக்கிறான். அந்த ஊரா என்று கேட்டேன், சிரித்தான்.

இந்த வகைத் திட்டுக்குத் தோல்வி ஒரு காரணமே இல்லை, ஒரு சந்து. 2022 செப்டம்பர் 4 அன்று அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சை விட்டார். டர்பனைப் பார்த்துக் காலிஸ்தான் என்றார்கள். 2021 ஜூலை 11, யூரோ கால்பந்து இறுதியில் பெனால்டி தவறவிட்ட இங்கிலாந்துக்காரர்கள் மூன்று பேர், ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா. மூன்று பேரும் கறுப்பர்கள். சாகாவுக்கு அப்போது வயது 19. டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் அணி தோற்ற அன்று, ஹரித்வார் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டு வாசலில் சிலர் வெடி வெடித்து, குடும்பத்தைச் சாதி சொல்லித் திட்டினார்கள். அங்கே நெட்கூடத் தேவைப்படவில்லை.

நாங்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் மாவட்டத்தில் கமென்ட்டில் போடுகிற இதய எமோஜியின் நிறத்தைப் பார்த்தே, எழுதியவன் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம்.

என் அக்கா மகன் கபடி ஆடுகிறான். ஒரு கம்பெனி டீமில் ஒப்பந்தம், மாசச் சம்பளம், அது போக வெளிப் போட்டிகளுக்கு ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது எல்லாம் இன்ஸ்டாகிராம் வழியாகத்தான். ரைடு வீடியோ போட்டால்தான் அடுத்த ஊரில் இருந்து அழைப்பு வரும். "படிச்சாத்தானே வலிக்கும், போனை மூடி வச்சுரு" என்று அவனுக்கு யோசனை சொன்னவர்கள் நிறைய. வலையைக் கரையில் போட்டுவிட்டுத் தொழிலுக்குப் போ என்கிற மாதிரி.

போன மே மாசம் பக்கத்து ஊரில் மின்னொளி கபடி. யூடியூபில் லைவ். கடைசி நிமிஷம், ஒரு பாயின்ட் பின்னால். முந்தின இரண்டு ரைடும் வெறுமையாகப் போயிருந்ததால் இவன் போவது டூ ஆர் டை. பாயின்ட் எடுக்காமல் திரும்பினால் அவுட். இடது மூலைக்காரனை இழுத்துப் பார்க்கிறான், அவன் அசையவில்லை. கையை நீட்டிக்கொண்டே பக்கவாட்டில் நகர்கிறான். யாரையும் தொடுவதற்கு முன்னால் இடது காலின் சுண்டுவிரல் லாபியில், அதாவது ஆடுகளத்தின் ஓரப் பட்டையில், பட்டுவிட்டது. அரை விரல்கடை இருக்கும். விசில். எதிராளியைத் தொட்ட பிறகுதான் லாபி செல்லும், தொடாமல் மிதித்தால் ஆள் அவுட். ஆட்டம் முடிந்தது.

கூட்டத்தில் அரை நிமிஷம் கூச்சல், பிறகு பரிசு கொடுக்க மைக் பிடித்துவிட்டார்கள். லைவில் அப்படி முடியவில்லை. நான் கடையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாட் ஓடுகிற வேகத்தில் கண் நிற்கவில்லை. காசு வாங்கிட்டான். எவ்வளவுடா வாங்கினே. அப்புறம் ஒருவன்: "இவனை மாமன் கடைல ஸ்க்ரூ முடுக்க அனுப்புங்கடா." அதைப் படித்து நானே சிரித்துவிட்டேன். என் கடைக்கு விளம்பரம். அதற்கு லைக் ஏறியது. கொஞ்ச நேரத்தில் கலர் கலராக இதயம் இறங்கியது. பிறகு அந்த ஸ்க்ரூ ஜோக்குக்காரனே இன்னொன்று போட்டான். அவன் அம்மாவைப் பற்றி. என் அக்காவைப் பற்றி. கருவாட்டுக் கூடையைச் சுமந்து விற்று இவனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தவள். 2018-இல் நான் எழுதிய இரண்டாவது வரியும் ஏறக்குறைய இதே வரிதான், ஊரும் ஆளும்தான் வேறு.

ராத்திரி ஒன்றரை மணிக்கு மருமகன் வந்து கதவைத் தட்டினான். கணுக்காலில் துணி சுற்றியிருந்தது. போனை நீட்டினான்.

"மாமா, இந்த புரொஃபைல் போட்டோல இருக்க வல்லம் யாருதுன்னு தெரியுதா?"

நீல வல்லம். அணியத்தில் மஞ்சள் பட்டை. தெரிந்தது. அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது, வேறு ஒருத்தர் வாயால் கேட்க வேண்டும் போல. போலீஸில் எழுதிக் கொடுக்கலாமா என்றேன். "யார் மேல மாமா குடுக்குறது? பாதிப் பேரு நம்ம பயலுக. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க." அக்காவுக்கு மறுநாள் மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. தண்ணிக் குழாயடியில் யாரோ இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நீல வல்லத்துப் பையன் பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தான். சார்ஜ் ஏறவில்லையாம். சார்ஜிங் பின்னைப் பார்த்தால் உப்புப் பிடித்துப் பச்சை பூத்திருந்தது. கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் போனெல்லாம் இப்படித்தான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தின்னர் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை. போர்டு மாற்ற வேண்டும், 350 ஆகும் என்றேன். சரி என்று ஸ்டூலில் உட்கார்ந்தான். பத்தொன்பது, இருபது வயது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். போன வருஷம் என் அப்பா செத்தபோது ராத்திரி முழுக்கப் பந்தலில் நின்று வேலை பார்த்தவன்.

பின்பக்க மூடியைத் தூக்கிக்கொண்டே கேட்டேன், நிமிர்ந்து பார்க்காமல். "ஸ்க்ரூ முடுக்க அனுப்பச் சொன்னியாமே."

ரொம்ப நேரம் பேச்சில்லை. ஃபேன் சத்தம் மட்டும்.

"சும்மாண்ணே. எல்லாரும் போட்டாங்க. லைக் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"அடுத்தது போட்டியே, அதுவும் சும்மாவா?"

பதில் இல்லை.

"அவன் அதைப் பாப்பான்னு உனக்குத் தோணவே இல்லையா?"

அப்போதுதான் நிஜமாகவே குழம்பிய முகத்தோடு என்னைப் பார்த்தான். "அவன் உள்ள ஆடிக்கிட்டு இருந்தான்லண்ணே. எப்டிப் பாப்பான்?"

புது போர்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். எட்டு ஸ்க்ரூ, ஒன்று துருப்பிடித்து மண்டை தேய்ந்து போயிருந்தது, அதை விட்டுவிட்டேன். சார்ஜரைச் சொருகும்போது வாசலில் நிழல் விழுந்தது. மருமகன். இன்னும் லேசாகக் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்திருந்தான். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தான். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். வந்து மேஜை ஓரமாக நின்றான்.

அந்தப் பையன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். "கால் எப்டி இருக்கு மாப்ள?" என்றான். குரல் சரியாக வரவில்லை.

"பரவால்ல."

இருவரும் என் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கிரீனில் பேட்டரிப் படத்துக்குள் பச்சைக் கோடு வந்தது.

மருமகன்தான் கேட்டான். "என்ன, சரியாயிருச்சா?"

"ம். சார்ஜ் ஏறுது."